விடிவதற்கு முன் யார் யாரை எழுப்பினார்கள்? மேச்சேரிப் பக்கமிருந்து சில குறிப்புகள்

'அதிகாலையில் எழும் பழக்கம்' என்று சொன்ன மாத்திரத்தில் ஒரு தனிமனிதன், அவனுடைய மனவுறுதி, அவனுடைய முன்னேற்றம் மூன்றும் சேர்ந்தே வந்து ஒட்டிக்கொள்கின்றன. சுயமுன்னேற்ற நூல்களும் பள்ளிக்கூடச் சுவரெழுத்துகளும் ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பேட்டிகளும் இந்த மனிதனைத்தான் திரும்பத் திரும்ப உற்பத்தி செய்துகொண்டிருக்கின்றன. அவனை யாரும் எழுப்புவதில்லை. அவனே எழுகிறான், நடக்கப் போகிறான், படிக்கிறான், திட்டமிடுகிறான். அவன் எழும்போது அடுப்பில் காபி கொதிக்கிறதா, கொதித்தால் அதை வைத்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்ற கேள்வி அந்தப் பிரதிகளுக்குள் நுழைவதே இல்லை. விடியற்காலைக்கு ஒரு வரலாறு உண்டென்றால் அது யார் யாரை எழுப்பினார்கள் என்பதன் வரலாறாகத்தான் இருக்க முடியும். ஓமலூருக்கும் மேட்டூருக்கும் நடுவில் கிடக்கிற மேச்சேரியை வைத்துக்கொண்டு அதைக் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

இந்த உபதேசத்துக்கு நம் நீதி இலக்கியத்தில் வயசு அதிகம். ஆத்திசூடி பிள்ளைக்கு இடும் கட்டளைகளில் வைகறையில் எழுவதும் ஒன்று. ஆசாரக்கோவை இன்னும் விரிவாகப் போகிறது: வைகறையில் விழித்தவன் தான் செய்யவேண்டிய அறத்தையும் ஈட்டவேண்டிய பொருளையும் சிந்திக்க வேண்டும், பிறகு தாய் தகப்பனைத் தொழுது எழ வேண்டும். விழித்ததும் உட்கார்ந்து சிந்திக்க அவகாசம் உள்ள ஒருவன்தான் இங்கே மாதிரி மனிதன். அவனுக்காக மாடு கத்தவில்லை, சாணி காத்திருக்கவில்லை. தொல்காப்பியம் சிறுபொழுதுகளைப் பிரித்தபோது வைகறையை மருதத்துக்குக் கொடுத்தது. பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவன், ஊடிக் கிடக்கும் தலைவி என்று மருதத்தின் வைகறை வேறு ஒரு சங்கதியில் மூழ்கிக் கிடக்க, வயலில் இறங்கிவிட்ட உழவர் பாட்டின் பின்னணிக்குப் போய்விடுகிறார். (வகுப்பில் இதை 'இயற்கை வருணனை' என்று சொல்லித் தாண்டிப் போவோம்.) பக்தி இலக்கியம் வந்தபோது எழுப்பப்பட வேண்டியவர் கடவுளே ஆகிவிட்டார். தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் திருப்பள்ளியெழுச்சி பாடினார்கள். கடவுள் தூங்கலாம், எழுப்ப ஆள் உண்டு என்பது கோயிலின் ஒழுங்கு. ஆனால் பிரகாரத்தைக் கூட்டி, பூப் பறித்து, தண்ணீர் எடுத்து வைக்கிறவர் கடவுளுக்கு முன்பே எழுந்தாக வேண்டுமல்லவா? அவருக்குப் பள்ளியெழுச்சி பாடியவர் யாருமில்லை.

மேச்சேரிப் பக்கம் கடிகாரம் வராத காலத்திலும் நேரம் இருந்தது. மொதக் கோழி கூப்புடற நேரம், வெள்ளி மொளைக்கற நேரம், கருக்கல், பலபலன்னு விடியறப்ப என்று அதற்கு வரிசையாகச் சொற்கள் இருந்தன. ஒவ்வொரு சொல்லும் ஒரு வேலையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. வெள்ளி முளைத்தால் கவலை பூட்ட வேண்டும். காவிரி பக்கத்திலேயே ஓடினாலும் இது கிணற்றை நம்பிய மேட்டாங்காடு. 1934இல் மேட்டூர் அணை திறந்த பிறகும் அந்தத் தண்ணீர் தஞ்சாவூர்ப் பக்கம் போனதே தவிர இந்தக் காட்டுக்கு ஏறவில்லை. வெயில் ஏறிவிட்டால் மாடு தளர்ந்துவிடும், வடம் இழுக்காது. எனவே இருட்டிலேயே பூட்டி, வெயில் வருவதற்குள் ஒரு பாத்திக்கூட்டத்தை முடித்துவிடுவார்கள். இங்கே மனிதனை எழுப்பியது மாட்டின் உடம்பு.

தறி வீடுகளிலும் இப்படித்தான். தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அச்சுப் பிடித்துத் தேய்க்கிற வேலை விடியற்காலை வேலை. வெயில் உறைத்தால் கஞ்சி சடுதியில் காய்ந்து இழை முறுக்கிக்கொண்டு அறும். காற்று கிளம்பினாலும் போச்சு. ஒரு பாவு போட ஒரு வீட்டு ஆட்கள் போதாது, பக்கத்து வீடுகளும் கூட வேண்டும். எனவே ஒரு தெருவே ஒன்றாக எழுந்தது. ஒருவரை ஒருவர் எழுப்புவது என்ற, கொஞ்சம் சமத்துவமான விடியல் இந்த வரலாற்றில் எங்காவது இருந்ததென்றால் அது பாவுத் தெருவில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கேயும் பெண்களுக்குத் தார் சுற்றுவதற்கு முன்பு வீட்டு வேலை ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிராக ஆடு மேய்ப்பவர். மேச்சேரி என்ற பெயரைத் தமிழ்நாட்டுக்கு வெளியே கொண்டுபோனது ஆடுதான். கறிக்கும் தோலுக்கும் பேர்போன இந்தச் செம்மறி இனத்துக்காக 1978இல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையமே அமைத்தார்கள். பனி ஈரம் காயாத புல்லில் ஆட்டை விட்டால் வயிற்றில் புழு சேரும். வெயில் ஏறிய பிறகுதான் பட்டியைத் திறக்க வேண்டும். ஆக, மேய்ப்பவரின் நாள் தாமதமாகத் தொடங்குகிறது. அவரைச் 'சோம்பேறி' என்று சொன்ன குரல் எப்போதும் உழவனின் வாயிலிருந்து, இன்னும் சரியாகச் சொன்னால் நிலம் வைத்திருப்பவனின் வாயிலிருந்து வந்தது. விடியலில் எழுவது இயற்கையின் விதி என்று பேசுகிறவர்கள் இந்த ஆட்டையும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்ஸன் 1967இல் எழுதிய பிரபலமான கட்டுரை வேலையை ஒட்டிய நேரத்துக்கும் கடிகாரத்தை ஒட்டிய நேரத்துக்கும் இடையிலான மாற்றத்தைப் பேசுகிறது. தொழில் முதலாளியம் வந்தபோது உழைப்பாளியின் நேரம் அவன் கையைவிட்டுப் போனது என்பது அதன் சாரம். இதை வாசித்துவிட்டு நம் பக்கத்துக் கோழி கூவும் நேரத்தையும் வெள்ளி முளைக்கும் நேரத்தையும் ஏதோ பறிபோன சொர்க்கம் போலப் பேசுகிற போக்கு நம்மிடையே உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம் பண்ணையாள். கவலை ஓட்டுகிற கவுண்டர் வெள்ளி முளைக்க எழுந்தார் என்றால், கட்டுத்தாரையில் மாட்டோடு மாடாகப் படுத்திருந்த பண்ணையத்து ஆள், பெரும்பாலும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை, அதற்கும் முன்னால் எழுந்து தீனி போட்டு, சாணி அள்ளியிருக்க வேண்டும். வருசக் கூலிக்கும் வாங்கின கடனுக்கும் விடப்பட்ட அந்தப் பிள்ளைக்குக் கோழி கூவுவது இயற்கையின் குரலாகவா கேட்டிருக்கும்? கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1976இல். கடிகாரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே நேரம் சாதியின் கையில் இருந்தது. தாம்ஸனை அப்படியே ஓமலூர் ரோட்டில் இறக்கினால் இந்த இடத்தில் இடறும்.

காலனிய அரசு செய்த வேலை வேறு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சேலம் பக்கத்துக் குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதன் பிடியில் விழுந்தன. பதிவு செய்யப்பட்டவர்கள் இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும். இரவு 11 மணிக்கு ஒருமுறை, விடியற்காலை 3 மணிக்கு இன்னொரு முறை என்று இந்த ஆஜர் மாகாணத்தின் பல இடங்களில் நடந்தது. வெளியூர் போக வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு. ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறையின் பிறப்பு பற்றிய நூலில் கால அட்டவணை உடலை எப்படி வசப்படுத்துகிறது என்று சொல்கிறார். அவர் பார்த்தது மடம், பட்டாளம், பள்ளிக்கூடம், சிறை. இங்கே சிறைக்குள் போகாதவனையே, பிறப்பைக் காரணம் காட்டி, 3 மணிக்கு எழுப்பி நிற்க வைத்தார்கள். தூக்கத்தை நடுவில் அறுப்பதுதான் அந்தக் கண்காணிப்பின் தொழில்நுட்பம். சென்னை மாகாணத்தில் இது 1947இல் நீங்கியது. அதிகாலையில் எழும் பழக்கத்தை அரசாங்கமே ஊட்டிய மக்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். இவர்களைப் பற்றி எந்தச் சுயமுன்னேற்ற நூலும் பேசாது.

கடிகார நேரமும் ஒன்றும் அப்பாவியாக வரவில்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியதற்குப் பின்னால் மெல்ல மெல்ல மதராஸ் நேரம் ரயில்வேயின் நேரமானது. 1906 சனவரி 1 முதல் நாடு முழுக்க ஒரே நேரம். பம்பாயில் அந்த மாதமே ஆலைத் தொழிலாளர்கள் தறியை விட்டு வெளியே வந்து கல்லெறிந்தார்கள். சூரியன் சொல்கிற நேரம் ஒன்று, முதலாளி சொல்கிற நேரம் வேறு என்பது அவர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. மதராசில் ஒன்பது நிமிஷ வித்தியாசம்தான் என்பதால் பெரிய சத்தம் எழவில்லை. மேச்சேரியில் இந்தக் கணக்குச் சுமார் பதினெட்டு நிமிஷம் வரும். அதாவது கைக்கடிகாரம் 5 என்கிறபோது நம்மூர்ச் சூரியனுக்கு 4.42தான் ஆகியிருக்கும். சின்ன விஷயம்தான். ஆனாலும் இந்தப் பதினெட்டு நிமிஷத்தை நாம் 120 வருசமாகத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மேட்டூர் வந்த பிறகு இந்தப் பக்கத்து விடியல் தலைகீழானது. 1925இல் அணை வேலை தொடங்கியது. 1937இல் நீர்மின்சாரம் வந்தது. மேட்டூர் கெமிக்கல்ஸ், துணி ஆலை, 1965இல் உற்பத்தி தொடங்கிய மால்கோ, 1987இல் அனல் மின் நிலையம், பிறகு பொட்டனேரியில் இரும்பாலை. ஆலையின் ஊதலுக்குத் தமிழில் வாய்த்த பெயர் 'சங்கு'. கோயிலில் விடியலுக்கும் வீட்டில் சாவுக்கும் ஊதுகிற அதே சங்கு. எந்த அர்த்தத்தில் மக்கள் இந்தப் பெயரை வைத்தார்கள் என்பது யோசிக்கத்தக்கது.

ஆறு-ரெண்டு, ரெண்டு-பத்து, பத்து-ஆறு. ஷிப்ட் சுற்றிச் சுற்றி வரும். இதில் 'பழக்கம்' என்ற சொல்லுக்கே இடமில்லை. இந்த வாரம் 4 மணிக்கு எழுகிறவர் அடுத்த வாரம் அந்த நேரத்தில் கொதிகலன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். ஒரு பழக்கம் உடம்பில் இறங்குவதற்கு முன்பே அடுத்தது வந்து அதை அழித்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல் இரவு ஷிப்டைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. 2019இல் அதை மறுபடி உறுதி செய்தது. தொழிலாளிக்கு இது செய்தியல்ல. 'உடம்பு சூடு' என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

வேலை நேரத்துக்கான போராட்டத்தை நாம் பெரும்பாலும் கூலிக் கணக்காகவே வாசித்துவிட்டோம். அது தூக்கத்துக்கான போராட்டமும்கூட. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்ற வேலைநிறுத்தம் கூலி உயர்வோடு நேரக் குறைப்பையும் ஞாயிறு விடுமுறையையும் பெற்றுத் தந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்குப் பின்னால் பி அண்ட் சி ஆலையின் நீண்ட வேலை நேரமும் சோறு தின்னப் போதாத இடைவேளையும் இருந்தன. 1923இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியபோது எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் மறுபாதி எட்டு மணி நேர ஓய்வு. சட்டமும் படிப்படியாக இறங்கி வந்தது: ஆலைத் தொழிலாளிக்கு 1911இல் 12 மணி, 1922இல் 11, 1934இல் 10, 1948இல் வாரம் 48 மணி. 2023 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றம் நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியதும், எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் இதே கயிற்றின் இழுப்புதான்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் ஆலைக் கதவுக்குள்ளே நுழைந்த பிறகுதான் மணியை எண்ணத் தொடங்குகின்றன. மேச்சேரியிலிருந்து மேட்டூருக்கு 6 மணி ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்தவர் 4 மணிக்கு எழுந்தார் என்றால், அவருக்குத் தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுத்தவர் மூணரைக்கே அடுப்பு பற்ற வைத்திருப்பார். 1948 தொழிற்சாலைச் சட்டம் காலை 6 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ பெண்ணை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொன்னது. (அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது.) ஆலைக்குள் 6 மணிக்கு முன் பெண்ணுக்கு வேலை கூடாது என்ற அதே அரசுக்கு வீட்டுக்குள் 3 மணிக்கு அவள் எழுவது கண்ணுக்கே தெரியவில்லை. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 299 நிமிஷம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிஷம். இந்த 299இல் விடிவதற்கு முன் கழிவது எவ்வளவு?

பெண் முதலில் எழுவதற்குக் கோலத்தையும் மார்கழியையும் லட்சுமியையும் காரணம் சொல்கிற கலாச்சாரச் சொல்லாடல் நமக்குத் தெரியும். சொல்லப்படாத காரணம் ஒன்று உண்டு. கக்கூஸ் இல்லாத ஊரில் பெண்கள் இருட்டோடு வெளிக்குப் போய்விட்டு வந்துவிட வேண்டும். விடிந்துவிட்டால் அன்று முழுக்க அடக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். "நேரமா எந்திரிச்சாத்தான் மானமாப் போயிட்டு வர முடியும்" என்று எங்கள் அம்மாயி சொல்வார். எண்பது வயசு வரை நாலு மணிக்கு எழுந்த அவரை ஊரே உதாரணமாகக் காட்டியது. யாரும் காரணத்தைக் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் விடுகிற நேரம், கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற நேரம் இவையெல்லாம் பிறகு வந்து இதன்மேல் அடுக்கிக்கொண்டன.

கவலை போய் மோட்டார் வந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. மாடு இல்லை, வடம் இல்லை, இனி விடியும்வரை தூங்கலாம் என்றுதானே நினைப்போம்? த்ரீ பேஸ் கரண்ட் முறை வைத்து வந்தது. ஒரு முறையில் பகலில், இன்னொரு முறையில் நடு ராத்திரியில். வெள்ளி முளைப்பதைப் பார்த்தவர் இப்போது மோட்டார் ரூமில் எரியும் மூன்று பல்பைப் பார்த்துக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பிறகு ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது, செல்போனில் அடித்தால் ஓடுகிற ஸ்டார்ட்டரும் வந்தது. மோட்டாரை ஓட்ட இனி போக வேண்டியதில்லை. மடை மாற்ற யாராவது போகத்தான் வேண்டும், அது பெரும்பாலும் வீட்டுக்காரியாகவோ கூலியாளாகவோ இருக்கும்.

கொஞ்சம் தெற்கே நாமக்கல்லுக்குப் போனால் கதை விசித்திரமாகிறது. ஆயிரம் வருசமாக மனிதனை எழுப்பிய கோழியை அங்கே மனிதன் எழுப்புகிறான். முட்டைக் கோழிக்கு நாளுக்குச் சுமார் பதினாறு மணி நேர வெளிச்சம் கிடைத்தால்தான் முட்டை குறையாது. பகல் பன்னிரண்டு மணி நேரம் போக மிச்சத்தைப் பல்புதான் கொடுக்க வேண்டும். எனவே விடிவதற்கு முன்பே பண்ணையில் விளக்கு எரியும். சேவலே இல்லாத கொட்டகை அது. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. கூவுவதற்கு ஆளில்லாத இடத்தில் ஸ்விட்சு கூவுகிறது.

இந்தக் கோழிப் பண்ணை மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் புகழ்பெற்ற விடுதிப் பள்ளிகளும் முளைத்தன என்பதை வெறும் தற்செயல் என்று விட மனம் வரவில்லை. மக்களே அவற்றைக் 'கோழிப்பண்ணைப் பள்ளிகள்' என்று கூப்பிட்டார்கள். 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தும் வரை மாநில முதலிடம் இந்தப் பக்கம்தான் அடிக்கடி வந்தது. நாலு, நாலரைக்கு எழுப்பி, முகம் கழுவ வைத்து, படிப்பு அறையில் உட்கார வைப்பது அங்கே நடைமுறை. மேச்சேரிப் பக்கத்துத் தறிக்காரரும் லாரி டிரைவரும் கடன் வாங்கிப் பிள்ளையை அங்கே சேர்த்தார்கள். தங்களை யாரோ எழுப்பிய விடியலிலிருந்து பிள்ளையை மீட்க அவர்கள் கண்ட வழி, பிள்ளையை இன்னொருவர் எழுப்பும் இடத்துக்கு அனுப்புவது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அறிவியல் என்று ஒன்று இருக்கிறது. உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதற்கு மரபணு உண்டு என்று ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பதின்வயதில் அந்தக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவில் தூக்கம் தாமதமாக வரும், காலையில் தாமதமாகக் கலையும். அந்த வயசுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. பத்து, பதினொன்று மணிக்குப் படுத்த பிள்ளையை நாலரைக்கு எழுப்பினால் அதற்குப் பெயர் பழக்கமல்ல, பற்றாக்குறை. சீக்கிரம் எழ விரும்புகிறவர் முதலில் சீக்கிரம் படுக்க வேண்டும் என்ற எளிய கணக்குக்கூட இருட்டடிக்கப்படுகிறது. ராத்திரி பூராவும் பக்கத்து வீட்டு விசைத்தறி அடிக்கிற தெருவில் சீக்கிரம் படுப்பது எப்படி? மனவுறுதி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள்.

அப்படியானால் தனக்காக எழுவது என்று ஒன்று இல்லவே இல்லையா? இருக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரான்சியேர் 1981இல் வெளியிட்ட நூலில், 1830களின் பாரீஸ் தொழிலாளிகள் தூங்கவேண்டிய இரவுகளைத் திருடிக் கவிதையும் பத்திரிகையும் எழுதியதைத் தேடி எடுத்துக் காட்டினார். நாளைய உழைப்புக்காக உடம்பைத் தயார் செய்ய வேண்டிய நேரத்தை வேறு காரியத்துக்குச் செலவழித்ததே அவர்களுடைய கலகம் என்கிறார். நம் பக்கத்திலும் ஷிப்ட் முடித்து வந்து சங்கத்துத் துண்டறிக்கை எழுதியவர்கள், அடுப்பு பற்ற வைக்கும் முன் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து வாரப் பத்திரிகை வாசித்த பெண்கள் இருந்திருக்கிறார்கள். அந்த அரை மணிக்கு ஆவணம் கிடையாது. கிடைக்காது என்று நான் சொல்லமாட்டேன். கேட்டால் சொல்வார்கள், இதுவரை நாம் கேட்கவில்லை.

2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் இந்த விடியலில் ஒரு சின்ன உடைப்பை உண்டாக்கியிருக்கிறது. வேலைக்குப் போகிற தாய் பிள்ளைக்குச் சோறாக்கவென்று முன்கூட்டி எழ வேண்டியதில்லை. பிள்ளை பள்ளியில் போய் உப்புமாவோ கிச்சடியோ தின்னும். நல்ல விஷயம், சந்தேகமில்லை. கிராமங்களில் அதைச் சமைப்பவர் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் தின்று முடிக்க வேண்டும் என்றால் ஆறு மணிக்கெல்லாம் அவர் பள்ளிச் சமையல் கூடத்தில் இருந்தாக வேண்டும். அதற்குள் தன் வீட்டில் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, ஷிப்டுக்குப் போகிறவருக்குத் தூக்குப்போசி கட்டியிருக்க வேண்டும். செல்போனில் 3.40க்கு அலாரம் வைத்திருப்பதாகவும், அது அடிப்பதற்கு முன்பே தினமும் முழிப்பு வந்துவிடுவதாகவும் மேச்சேரிப் பக்கத்துச் சமையல்கார அக்கா ஒருவர் சொன்னார்.